மாடித் தூண் விஷயம்

எமலாஹ்லேனி, தென்னாப்பிரிக்கா
ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா? இங்கே குளிர்காலம், விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி.

தம்பி அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கூடத்துக்கு மேலே, அடியில் ஆதாரமே இல்லாத இடத்தில் மாடிக்கு இரண்டு தூண் போட்டிருக்கிறார் கொத்தனார். "பீம் தாங்கும்" என்றாராம். கம்பி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த ஊரின் பெயருக்கே நிலக்கரி உள்ள இடம் என்றுதான் பொருள். கரி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. முழுவதையும் வெட்டாமல் இடையிடையே சதுரத் தூண்களாக விட்டுவைப்போம். 100 மீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறையின் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 டன். நூற்றுக்கு அறுபது பங்கை எடுத்துவிட்டால், மிஞ்சிய நாற்பது பங்கின் தலையில் சதுர மீட்டருக்கு 625 டன். மேல் அடுக்கின் தூண் அதைக் கீழே இறக்குகிறது. நடுவிலுள்ள பாறை தடிமனாக இருந்தால் பாரம் பரவிவிடும்; மெலிதாக இருந்தால் நேராக வந்து அமுக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட இடங்களில் தூணுக்கு நேர் கீழே தூண் விடுகிறார்கள்.

போன வாரம் சுரங்கத்தின் கீழ் அடுக்கில் ஒரு பாதையில் போனோம். எங்கள் தலைக்கு நேர் மேலே, மேல் அடுக்கில், பழைய காலத்தவர்கள் விட்டுப்போன தூண் ஒன்று. பக்கச் சுவர் சில்லுசில்லாக உதிர்ந்து கிடந்தது. கூட வந்த பெரியவர் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீரென்ற ஓசை அங்கே பொத்தென்று ஆனது. சந்தையில் அம்மா தட்டிப்பார்த்து ஒதுக்கும் பானையின் ஓசை அது. பேசாமல் திரும்பிவிட்டோம்.

1960 ஜனவரியில் இந்நாட்டின் கோல்புரூக் சுரங்கத்தில் தூண்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நொறுங்கி 435 பேர் மாண்டார்கள். உடல்களை எடுக்கவே முடியவில்லை. அதன் பிறகுதான் சாலமோன், மன்ரோ என்ற இருவர், தூண்கள் நிலைத்த இடங்கள் 98, நொறுங்கிய இடங்கள் 27 என்று கணக்கெடுத்து, 1967இல் தூணின் பலத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அகலம் கூடினால் பலம் கூடும். உயரம் கூடினால் குறையும்.

வடசேரிப் பழுப்பு நிலக்கரி ஏலத்தை எதிர்த்துப் பேசியவர் நீங்கள். 2023 ஏப்ரலில் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தீர்கள். மகன் கரியில் சம்பளம் வாங்குகிறானே என்று ஊரார் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மாடித் தூணைச் சுவருக்கு நேராக நகர்த்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதன் அடியில் அஸ்திவாரத்திலிருந்தே ஒரு தூண் எழும்பட்டும். நம் களிமண் வேறு கோடையில் வெடித்து மழையில் ஊதும். மன்னார்குடியில் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். கொத்தனார் கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போடுங்கள். கூடுதல் கம்பிக்கான பணம் 25ஆம் தேதி வந்துவிடும்.

அன்பு மகன்