விமானத் தீயில் உயிரைப் பறிப்பது புகையே

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானத் தீ விபத்துகளில் மாண்டோரை 'உடல் கருகி இறந்தவர்கள்' என்றே செய்திகள் எழுதுகின்றன. ஆனால் 1985 ஆகஸ்ட் 22இல் மான்செஸ்டர் ஓடுபாதையில் தீப்பற்றிய விமானத்தில் உயிரிழந்த 55 பேரில் பெரும்பாலானோரைக் கொன்றது நச்சுப்புகையே. இருக்கைகளின் மெத்தையும் உறைகளும் எரியும்போது காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு ஆகிய நச்சு வாயுக்கள் வெளியேறுகின்றன. முன்னது குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமில்லாமற் செய்ய, பின்னது உடற்கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்துவதையே தடுப்பதால், பயணி கதவை அடையுமுன்பே நினைவிழக்க நேரிடுகிறது. இறந்தபின் சயனைட்டின் அளவு மாறக்கூடியது என்பதால், இறப்பின் காரணத்தை அறியக் குருதி மாதிரியைத் தாமதமின்றி எடுத்துக் குளிரில் பேண வேண்டும். மூச்சுக்குழாயில் காணப்படும் புகைக்கரி, தீ மூண்டபோது அவர் உயிருடன் இருந்தார் என்பதைக் காட்டும். உறவினர் அறிய ஏங்குவதும் இதைத்தான். வீட்டுத் தீயிலும் இதே நச்சுகளே எழுவதால், எமது மாவட்டத்தின் மரண விசாரணைச் செய்திகளிலும் குருதிப் பரிசோதனை முடிவைக் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர்,
மட்டக்களப்பு.