வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வசூல்: ரசீதுப் புத்தகம் அடிக்கும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இலங்கையிலும் பர்மாவிலும் வீடிழந்து நிற்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் செட்டிநாட்டு ஊர்களில் எழுவது இயல்பு. நம் முன்னோர் தொழில் செய்த மண் அது. புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைக்கும் வரி) போட்டுக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊர்களுக்கு வசூலும் கடினமில்லை. ஆனால் பணம் சேர்ந்தபின் வங்கிக்குப் போய், 'இதை அனுப்ப முடியாது' என்று கேட்டுத் திரும்பினால் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இங்கு வசிக்கும் தனிநபர்களுக்கு மட்டுமே. ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். அறக்கட்டளை, கூட்டு நிறுவனம், இந்துக் கூட்டுக் குடும்பம் எதற்கும் இந்த வழி கிடையாது. மேலும், அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால், நேரடி வரிகள் மத்திய வாரியத்தின் அனுமதி இல்லாதபட்சத்தில் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும். அப்படியானால் எல்லாருடைய பணத்தையும் ஒருவர் கணக்கில் போட்டு அவர் பெயரில் அனுப்பலாமே என்பார்கள். கூடாது. 'இது என் சொந்தப் பணம்' என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான், நாளை வருமான வரிக் கேள்வி வந்தாலும் அவர்தான் நிற்க வேண்டும்.

ஆகவே, பெரிய தொகை தருபவர்கள் பான் அட்டையோடு வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தரும் ஏ2 படிவம் கொடுத்து, பெறும் அமைப்பின் கணக்குக்கு நேரே அனுப்பட்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே வசூலாகும். நேரே வெளிநாட்டுக்கு அனுப்பியதற்கு, நன்கொடைக்கான 80ஜி வருமான வரிக் கழிவு கிடையாது. நோட்டீஸில் அப்படிப் போட்டு ஆசை காட்ட வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் தருபவர்கள் தனித்தனியே அனுப்பினால் வங்கிக் கட்டணத்துக்கே பெரும்பங்கு போகும். அவர்கள், வெளிநாட்டில் பணி செய்ய முறையான அனுமதி பெற்ற இந்தியப் பதிவு அமைப்புக்குக் காசோலையாகத் தருவதே நல்லது.

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் உறவினரிடம் கேட்பது நம் வழக்கம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தந்தால் தடையில்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஊர் அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. அவர்கள் அங்கிருந்தே, அந்நாட்டு விதிப்படி நேரே இலங்கைக்கு அனுப்பட்டுமே, காரைக்குடி வழியாக எதற்கு?

பர்மாவுக்கு இன்னும் சிரமம். 2022 அக்டோபரில் கள்ளப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இடையிலுள்ள வங்கி பணத்தை நிறுத்திவைத்து ஆவணம் கேட்கும். அதற்காக யார் கையிலாவது கொடுத்து அனுப்பினால் சட்டச் சிக்கல். பழைய துணி மூட்டையும் வேண்டாம். கப்பல் கூலியும் சுங்கமும் துணியின் விலையை மிஞ்சும்.

இனிப் பணம் எதற்குப் போகிறது என்பது. அநாதை இல்லம் கட்டித் தரக் கேட்டால் தயங்குங்கள். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும், நன்கொடையாளர் கண்ணில் படுவதற்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்து இல்லத்தில் சேர்த்த கொடுமை வெளிவந்திருக்கிறது. கட்டடம் எழுந்தால் அதை நிரப்பப் பிள்ளை தேடுவார்கள். தாயிடமோ சித்தியிடமோ சேர்த்து, வீட்டு வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் உதவும் அமைப்புக்கே கொடுங்கள். பதிவுச் சான்று, இரண்டு ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள் என்ற விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் இல்லம் என்றால், அந்நாட்டு அரசின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் (துறையில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை பேனரில் போடவே வேண்டாம்.

அனுப்பும்போது வங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் வழியில் பிடித்தது போக மிச்சம்தான் போய்ச் சேரும். பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலையும், அங்கே வரவான தொகைக்குப் பெற்ற ரசீதையும் நகர விடுதி (நகரத்தாரின் பொது விடுதி) அறிவிப்புப் பலகையில் சேர்த்து ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அறக்கட்டளைக் கணக்குப் பணி செய்வோர்,
காரைக்குடி.