பையன் பெட்ரோலியம் படிக்கலாமா?

குரோனிங்கன்
நெதர்லாந்து
ஞாயிறு மாலை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். போன மாதம் நம் நண்பன் 'தாத்தா' ஆம்ஸ்டர்டாம் வந்திருந்தான். அதே சட்டை, அதே வாய். உன்னை விசாரித்தான், அந்த நூறு ரூபாயையும் விசாரித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் பந்தலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவன் வீட்டில், பையன் பெட்ரோலியம் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறானா! வீட்டில் நடந்த சண்டையை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே எனக்கு. எரிவாயுவுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். நான் குடியிருக்கும் ஊரின் கதையே அதுதான்டா, கேள்.

இங்கிருந்து கிழக்கே சைக்கிளில் போகிற தூரத்தில் ஸ்லோக்டரன் என்ற ஊர். 1959இல் அந்தப் பக்கத்து வயலில் துளை போட்டபோது கிடைத்தது ஏறக்குறைய 2,80,000 கோடி கன மீட்டர் வாயு. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் அத்தனை அடுப்பும் கரிவாயுவிலிருந்து இதற்கு மாறிவிட்டது. ஏற்றுமதிப் பணம் கொட்டியதில் அப்போதைய டச்சு நாணயமான கில்டரின் மதிப்பு ஏறி, மற்றத் தொழிற்சாலைகளின் சரக்கு வெளிநாட்டில் விலைபோகாமல் கிடந்தது. 'டச்சு நோய்' என்று 1977இல் தி எகனாமிஸ்ட் இதற்குத்தான் பெயர் வைத்தது.

அப்புறம் தரை ஆடியது. வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அடியிலுள்ள மணற்பாறை அமுங்கும். 2012 ஆகஸ்டில் ஹௌசிங்கே என்ற சிற்றூரில் 3.6 ரிக்டர். ஆழம் குறைவான அதிர்வு, செங்கல் வீடுகள், கேட்கவா வேண்டும்? உற்பத்தியைக் குறையுங்கள் என்று கண்காணிப்பு அதிகாரிகளே சொன்னார்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு எடுத்தார்கள் தெரியுமா? 5,400 கோடி கன மீட்டர், முன்பைவிட அதிகம்! எனக்கு இன்னும் ஆறவில்லை முரளி. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் பெற்றோர் லொப்பர்சம் பக்கம் இருக்கிறார்கள். வீட்டுச் சுவருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். ஒரு ஆய்வாளர் வந்து விரிசலை அளந்து போவார், அடுத்தவர் வந்து அதே விரிசல் பழசு என்பார். இந்த எரிவாயு வயலில் அரசுக்கு மட்டும் கிடைத்தது மொத்தம் 36,000 கோடி யூரோவுக்கு மேல். குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023இல்தான் எழுதியது. அந்த அக்டோபர் முதல் தேதி வயலை மூடினார்கள்.

மூடிய காலத்தையும் பார். முந்தைய ஆண்டுதான் ரஷ்யா ஐரோப்பாவுக்கு வரும் வாயுக் குழாயை இறுக்கி, இங்கே வாயு விலை ஒரு மெகாவாட்-மணி அளவுக்கு 300 யூரோவைத் தாண்டியிருந்தது. வழக்கமாக 20 யூரோ சுற்றி இருந்த சரக்கு! காலடியில் வாயு மிச்சமிருக்க, கப்பல் வாயுவுக்கு ஓடினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் வாயு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும், கப்பலில் ஏற்றலாம். குழாய் போன ஊரோடு முடிந்த வியாபாரம் அதனால் உலக வியாபாரம் ஆகிவிட்டது. துறைமுகத்து மீன் ஏலம் மாதிரிதான், கூடக் கொடுப்பவன் பக்கம் கப்பல் திரும்பும். ஐரோப்பா கொடுத்தது. பாகிஸ்தான் 2022 ஜூலையில் டெண்டர் விட்டபோது விலை சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வங்கதேசம் அன்றாடச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டு அறிவித்தது. ஒரு ஊர் குளிர்காயும் செலவை இன்னொரு ஊர் இருட்டில் உட்கார்ந்து கட்டியது.

நம் ஊருக்கு என்ன என்று கேட்பாய். நீ குறுவைக்குப் போடும் யூரியா எதிலிருந்து வருகிறது? எரிவாயுவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. இந்தியாவில் எரிவாயுவை அதிகம் தின்பது உரத் தொழிற்சாலைகள்தான். ஜெர்மனியில் இருந்த, ரஷ்ய வாயு நிறுவனமான கேஸ்ப்ரோமின் கிளை 2022இல் கப்பல் அனுப்புவதை நிறுத்தியதும், நம் அரசு வாயு நிறுவனமான கெயில் உர ஆலைகளுக்கே அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. உனக்கு மூட்டை அதே 266 ரூபாய் 50 காசுதான், தெரிந்திருக்காது. அந்த நிதியாண்டில் மத்திய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

ஆகவே எதிர்காலம் இருக்கிறது. சூரியத் தகடு மின்சாரம் தரும், யூரியாவுக்கு அது இன்னும் மாற்றாகவில்லை. பையனைச் சேர்த்துவிடு. நீ பந்தலில் உட்கார்ந்ததும் சரி, அவன் இதைப் படிப்பதும் சரி. பாறை எப்படி அமுங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன், மேலே குடியிருப்பவன் பேச்சைக் காதில் வாங்கவும் பழகியிருந்தால் லொப்பர்சத்தில் இத்தனை முட்டுக்கட்டை நின்றிருக்காது. நெடுவாசல் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வரும் என்று நம்புகிறேன். நில இயக்கவியலை (ஜியோமெக்கானிக்ஸ்) விருப்பப் பாடமாக எடுக்கச் சொல், வெறும் துளையிடும் வேலையோடு நிற்க வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு முன்னால் அவனோடு நான் பேச வேண்டும். அடுத்த ஞாயிறு கூப்பிடச் சொல். நீ பக்கத்தில் இருக்காதே, அவனைப் பேசவிட மாட்டாய்.

அன்புடன்,
சேகர்