டார்வினுக்கு மின்னல் வெட்டவில்லை, ஆசிரியர் அவர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் இணைப்பில் வந்த வரி இது: "கலாபகோஸ் தீவில் குருவிகளின் அலகைப் பார்த்ததும் டார்வினுக்கு மின்னல் வெட்டியதுபோல் உண்மை புரிந்தது. மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று 1859-ல் அறிவித்தார்." இரண்டே வாக்கியத்தில் இத்தனை பிழைகளை அடுக்க என்னால் முடியாது. நான் வெறும் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

தங்களுக்குத் தெரியாததா? 1835-ல் அந்தத் தீவுக்கூட்டத்தில் டார்வின் இருந்தது சுமார் ஐந்து வாரம். பிடித்த குருவிகளில் பலவற்றுக்கு எந்தத் தீவில் பிடித்தது என்று ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. சிலவற்றை வேறு வகைப் பறவை என்றே நினைத்துக்கொண்டு கப்பலேறினார். 1837 ஜனவரியில், லண்டனில், ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர்தான் அந்தத் தோல்களை ஆராய்ந்து, எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஃபிஞ்ச் குருவிகள் என்றார். அதன்பிறகுதான், கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் சேகரித்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்கித் தீவு வாரியாகப் பிரிக்கப் பார்த்தார் டார்வின். மின்னல் எந்த இடத்தில் வெட்டியது என்று தங்கள் கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் மனிதனைப் பற்றி ஏதோ ஒரு வரிதான் போகிறபோக்கில் வருகிறது. மனிதனை எடுத்துக்கொண்டு அவர் விரிவாக எழுதியது 1871-ல்.

இடையில் அவர் பட்ட பாட்டை யாராவது எழுதுகிறார்களா? 1838-ல், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி மால்தஸ் எழுதியதைப் படித்தபோது, பிழைக்கத் தகுந்தவை நிலைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுக் கருத்துக்குப் பிடி கிடைத்தது. 1844-ல் நீளமாக எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்துவிட்டார். பிறகு எட்டு வருஷம் கொட்டலசை (பார்னக்கிள்) அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வள்ளத்தின் அடியிலிருந்து சுரண்டி எறிவார்களே, அதே கொட்டலசு. பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகளை மீன்பிடித் துறைக்கு அழைத்துப் போவேன். அது ஒட்டிய பலகைத் துண்டு ஒன்றைக் கடல்தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் போட்டு வைத்தால், முதலில் ஒன்றும் நடக்காது. ஆட்டாமல் காத்திருந்தால் உச்சியில் கதவு திறக்கும், மெல்லிய கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவும். "சிப்பிக்கு ஏது டீச்சர் காலு?" என்பார்கள். இது சிப்பியே இல்லை, இறாலுக்கு உறவு என்றால் முழிப்பார்கள். அந்த முழிப்பில் தொடங்குவதுதான் உயிரியல் பாடம்.

தங்கள் கட்டுரையில் வாலஸ் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. 1858-ல் கிராம்புத் தீவான டெர்னாட்டேயிலிருந்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் அனுப்பிய கட்டுரையில் தன் கருத்தே இருக்கக் கண்டுதான் டார்வின் ஆடிப்போனார். முறைக்காய்ச்சலில் படுத்திருந்தபோது மால்தஸ் ஞாபகம் வந்து தோன்றிய எண்ணம் என்று வாலஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். (மின்னல்தான் வேண்டுமென்றால் இவரிடம் கேட்டிருக்கலாம்.) டார்வினின் விஞ்ஞானி நண்பர்கள் லயலும் ஹூக்கரும் ஏற்பாடு செய்து, 1858 ஜூலை 1-ல் லண்டனிலுள்ள லின்னேயன் என்ற அறிவியல் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்து வாசித்தார்கள். வாலஸ் மலாய்த் தீவுகளில் இருந்தார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. டார்வினும் வரவில்லை. மூன்று நாள் முன்னால்தான் அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. வாலஸுக்குப் பறவை பிடித்துக் கொடுத்த சரவாக் பையன் அலியையும், எடின்பரோவில் டார்வினுக்குப் பறவைத்தோல் பாடம்செய்யக் கற்றுக்கொடுத்த, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டனையும் நீங்கள் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாலஸையாவது போட்டிருக்கலாம்.

தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "இடம் பத்தாது மேடம். டார்வின்னாலே ஜனங்களுக்குக் குரங்குதானே தெரியும்" என்றார். ஜனங்களுக்கு எங்கிருந்து தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வேறு லைனுக்கு மாற்றினார். அங்கே யாரும் எடுக்கவில்லை.

இதே இணைப்பில்தான் வௌவாலைப் பறவை வரிசையில் போட்டீர்கள். நாகபஞ்சமி தோறும் பாம்பு பால் குடிக்கும் படம் தவறாமல் வருகிறது. "குரங்கு ஏன் இன்னும் மனிதனாக மாறவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "விஞ்ஞானிகளுக்கே விடை தெரியாது" என்று பதில் போட்டீர்கள். எந்த விஞ்ஞானி? சித்தப்பா மகனைப் பார்த்து, "நீ ஏன் இன்னும் நானாக மாறவில்லை?" என்று கேட்பது போன்ற கேள்வி அது. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கிருந்து இரண்டு கிளையும் தனித்தனியே வந்தன. இதை விளக்கி அப்போதே எழுதினேன். கடிதத்தை வெட்டி, "மாணவர் இணைப்பு ஆர்வமூட்டுகிறது" என்ற என் முதல் வரியை மட்டும் 'வாசகி பாராட்டு' என்று வெளியிட்டீர்கள். நன்றி.

இந்தத் தடவை டார்வின் படத்துக்குப் பக்கத்தில் கழுத்தை எட்டி எட்டி நீட்டும் ஒட்டகச்சிவிங்கி வேறு. அது பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க்கின் கருத்து ஐயா, 1809-ல் வந்தது. டார்வின் அந்த வருஷம்தான் பிறந்தார். விடைத்தாள் திருத்தும் முகாமில் வருஷா வருஷம் இந்தக் கழுத்தைப் பார்த்திருக்கிறேன். 'டார்வின் கொள்கையை விளக்குக' என்று கேட்டால், எட்டி எட்டிக் கழுத்து நீண்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும் பிள்ளை. விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது. சிவப்பு மையில் அடிக்கும்போது, இதை எழுதிய கட்டுரையாளருக்கு யார் மதிப்பெண் குறைப்பார்கள் என்று தோன்றும்.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். குருவிகளை அடையாளம் கண்டவர் கூல்ட், கொள்கையில் வாலஸுக்கும் பங்கு உண்டு, கழுத்து லாமார்க்குடையது, மனிதனைப் பற்றி எழுதியது 1871-ல். டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், மாணவர் இணைப்பிலேயே அதே பக்கத்தில் போடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்தால் பிள்ளைகளுக்கு உபயோகப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தூத்துக்குடி.