பீதி நோய்க்குத் தைரியம் சொன்னால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருபவருக்கு இசிஜி சரியாக இருந்தால், 'ஒன்றுமில்லை, தைரியமா இருங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். இதைப் பார்த்து எங்கள் மனம் பதைக்கிறது. தைராய்டு, ரத்தசோகை போன்றவை காரணமில்லை என்று உறுதியான பிறகு, இப்படித் திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் பீதி நோய்க்கு (panic disorder) முறையான உளவியல் சிகிச்சை உண்டு. பெரும்பாலும் வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகள்.

அஞ்சுகிற உடல் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பதுதான் இதன் உயிர்நாடி. சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விட்டால் திணறும். (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் அனுமதியின்றிச் செய்யக் கூடாது.) 'மயங்கி விழுவேன்' என்று முன்பே எழுதி வைத்து, நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகளும் ஒத்துப்போகாததுதான் மருந்து.

அடுத்து, பயந்து தவிர்க்கும் இடங்களுக்குப் படிப்படியாகப் போவது; உதாரணமாக, பேருந்துப் பயணம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 40 அளவிலான இடத்தில் தொடங்கலாம். சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், கூடவே மனைவி என்று போனால் பலன் குறையும். 'இவை இருந்ததால் பிழைத்தேன்' என்று மூளை கணக்குப் போட்டுவிடும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடுவதும் அப்படியே.

சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

– மருத்துவ உளவியலாளர்கள் சிலர், மதுரை