குழாயில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்

கால்நடை ஹார்மோன் பரிசோதனைக் கூடங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். மாட்டு ரத்தத்தை உங்களிடம் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மருத்துவர்களில் நானும் ஒருவன். ஹார்மோன் அளக்கும் உங்கள் எலைசா கருவிமேல் எனக்குக் குறை இல்லை. ரத்தம் அதுவரை வந்து சேரும் வழியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சினை ஊசி போட்ட 21ஆம் நாள் ஒரு பசுவின் ரத்தத்தை ஒரு கூடத்துக்கு அனுப்பினேன். சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே என்று முடிவு வந்தது. இந்தச் சோதனையில் அளவு கூடுதலாக இருந்தால் சினையாகவும் இருக்கலாம், பருவம் தள்ளிப்போயும் இருக்கலாம். குறைவாக இருந்தால்தான் தைரியமாகச் சினை இல்லை என்போம். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால், மாடு சினை! நல்லவேளை, நடுவில் யாரும் மறுபடி ஊசி போட்டுக் கருவைக் கலைத்துவிடவில்லை.

தப்பு என்னுடையதுதான். குழாய் அரை நாள் வண்டியிலேயே சூட்டில் கிடந்திருக்கிறது. மாட்டின் சிவப்பணுக்கள் குழாய்க்குள் போன பிறகும் புரோஜெஸ்டிரோனை வேறு ஸ்டீராய்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற அது வேகமாக நடக்கும். எடுத்த உடனே ஐஸில் வைத்து, சீக்கிரமே அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற தெளிந்த நீரைப் பிரித்துவிட வேண்டும். ரத்தம் உறைந்த பின் கிடைக்கும் சீரம்தான் வேண்டும் என்று அது உறையும்வரை வெளியே வைத்திருந்தாலும் இதே நஷ்டம்தான். மனித ரத்தத்தில் பழகியவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. ஆனால் உங்கள் படிவத்தில் மாட்டின் வயது, ஈற்று எண்ணிக்கை எல்லாம் கேட்டிருந்தீர்கள்; ரத்தம் எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டுக்கும் கட்டமே இல்லை.

பாலில் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் கொழுப்போடு போகும் பொருள். முதலில் பீய்ச்சும் பாலைவிடக் கடைசிப் பாலில் கொழுப்பு அதிகம். எந்தப் பால், கொழுப்பு எடுத்ததா எடுக்காததா என்று தெரியாமல் வரும் எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அப்புறம் அலகு. புரோஜெஸ்டிரோனில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 3.18 நானோமோல். அலகு அச்சாகாத தாளில் வெறும் 3 என்று பார்த்தால் ஒருவர் சினை என்பார், இன்னொருவர் காலி என்பார். மனிதருக்காகச் செய்த பரிசோதனை கிட்டைப் பயன்படுத்தினால், மாட்டுப் பிளாஸ்மாவை நீர்த்துப் பார்த்தபோது அளவு அதே விகிதத்தில் இறங்கியதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். சினையா இல்லையா என்ற எங்கள் தீர்மானம் 1 நானோகிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதனால் அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரிகளில் ஒன்றையாவது அந்த அளவில் வையுங்கள்.

(ஒரே ஒரு குழாயை அனுப்பி எல்.எச். (முட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) அளவு கேட்கும் என் சகாக்களைத் தாராளமாகத் திட்டலாம். துடிப்பு துடிப்பாகச் சுரக்கும் ஹார்மோன் அது.)

நேரம் எழுதாத குழாய் வந்தால் ஓட்டிப் பார்க்காமலே திருப்பி அனுப்புங்கள். என் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்