வலது இருக்கையில் இருக்கும் மகளுக்கு

நீடாமங்கலம்

அன்பு மகள் தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். நாலு நாளாக அடைமழை. சம்பாப் பயிரின் நுனிதான் வெளியே தெரிகிறது. வடிகாலை வெட்டித் தண்ணீரை வெண்ணாற்றுப் பக்கம் திருப்பிவிட்டு வந்து எழுதுகிறேன்.

போனில் உன் குரலே சரியில்லை. மழைக்குள் இறங்கும்போது பக்கக் காற்று தள்ள, துணை விமானியாக வலது இருக்கையில் இருந்த நீ 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே ஏறுங்கள் என்று சொன்னாய். கேப்டன் உடனே மேலே ஏற்றிவிட்டார். பிறகு தரையிறங்கியதும் பயணிகள் முகம் சுளித்தார்களாம். "அவசரப்பட்டுட்டேனாப்பா?" என்று கேட்டாய். இல்லையம்மா. நீ செய்ததுதான் சரி.

ஃபெஞ்சல் புயலன்று, 2024 நவம்பர் 30, சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடப் போய், ஆட்டம் கண்டு, அப்படியே மேலேறியதே, அந்த வீடியோவை நம் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. "மயிரிழையில தப்பிச்சுது" என்றார்கள் எல்லோரும். எனக்கோ அந்த விமானிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் பட்டது.

ஆயிரம் அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகம், இறங்கும் வீதம், சக்கரம், ஃபிளாப் என்கிற இறக்கை மடல் எல்லாம் அதனதன் நிலைக்கு வராவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும் என்று பயிற்சியின்போது சொல்லியிருக்கிறாய். அப்படி நிலைக்கு வராத விமானங்களில் நூற்றுக்கு 3தான் மேலேறுகின்றன, மற்றவை இறங்கியே விடுகின்றன என்று ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வில் இருக்கிறது. இறங்கியவை பெரும்பாலும் நல்லபடியாகவே நின்றுவிடுவதால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. எனக்குப் பயம் அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

2010 மே 22, மங்களூர் விமான விபத்து. துணை விமானி ஒரு முறைக்கு மேல் 'கோ அரவுண்ட்' சொல்லியும் கேப்டன் இறக்கினார். சுமார் 8,000 அடி ரன்வேயில் 5,000 அடிக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் பதிந்தது. வேகத்தைக் குறைக்க எஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பும் ரிவர்ஸரை இழுத்த பிறகு மேலே ஏறக் கூடாது. அவர் அதற்குப் பிறகுதான் ஏற முயன்றார். 158 உயிர் போனது. பத்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே மாதிரி மேட்டின்மேல் அமைந்த, முனை தாண்டினால் பள்ளமான ரன்வே. அன்று மழை, பின்காற்று வேறு. பாதி ரன்வே போன பிறகு இறங்கியது. அங்கேயும் துணை விமானி சொல்லியிருக்கிறார். 21 பேர் இறந்தார்கள். கேப்டன் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாக எழுதியிருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்னைப் பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பெண்ணாக வளர்த்தோம். பெரியப்பா சொன்னால் சரி என்று தலையாட்டுவாய். வீட்டில் அது இருக்கட்டும். காக்பிட்டில் அந்த மரியாதை வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓட்டியவரானாலும், உரக்கச் சொல். காதில் வாங்காவிட்டால் மறுபடி சொல். அப்போதும் இல்லையென்றால், உனக்குக் கற்றுக்கொடுத்தபடி கட்டுப்பாட்டைக் கையில் எடு. அதற்காக எவர் கோபித்தாலும் அப்பா உன் பக்கம்.

அடுத்த மாத டியூட்டி அட்டவணை வந்ததும் அனுப்பு. திருச்சிக்கு வரும் நாளில் மழையாக இருந்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ திருப்ப வேண்டி வந்தால் திருப்பிவிடுங்கள். அம்மாவின் சமையல் வீணாகுமே என்று நினைக்காதே, நாங்கள் சாப்பிட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
அப்பா